பீடம் பொது, பொம்மை சொந்தம்: ஸ்கைலேண்டர்ஸ் விளையாட்டுத் தொடரும் சென்னையின் மேற்குப் புறநகரும்

2011 அக்டோபரில் 'ஸ்கைலேண்டர்ஸ்: ஸ்பைரோஸ் அட்வென்ச்சர்' என்ற வீடியோ கேம் கடைகளுக்கு வந்தது. அதை வாங்கிய குழந்தைக்குப் பெட்டிக்குள் விளையாட்டு வட்டோடு மூன்று பிளாஸ்டிக் பொம்மைகளும் வட்டமான ஒரு பீடமும் கிடைத்தன. பொம்மையைப் பீடத்தின் மேல் வைத்ததும் அதே உருவம் தொலைக்காட்சித் திரையில் தோன்றி ஓடத் தொடங்கும். எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் அந்த இன்னொன்று களத்தில் இறங்கும். ஐந்தே ஆண்டுகளில் இந்தத் தொடர் கோடிக்கணக்கான பொம்மைகளை விற்றது. அதே ஐந்தாண்டு முடிவில் அடங்கியும் போனது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இதைக் கையில் தொட்டதில்லை. இருந்தும் இந்தத் தொடரின் கதை இந்த வட்டாரத்துக்குத்தான் அதிகம் பயன்படும் என்பது என் துணிபு. பொம்மையை வார்க்கும் அச்சு, அதற்குள் வைக்கும் மின்னணு, அதை விற்ற அனுபவம் ஆகிய மூன்றும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலிருந்து மேற்கே போகும் நெடுஞ்சாலையை ஒட்டியுமே கிடைக்கின்றன. ஸ்கைலேண்டர்ஸ் செய்த மிக நல்ல காரியம் ஒன்று உண்டு. அதை அதன் முதலாளிகளே முழுதாகப் பயன்படுத்தவில்லை. அந்த ஒன்றை எடுத்துக்கொண்டால், விலை உயர்ந்த கருவி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் இத்தகைய விளையாட்டு எட்டும்.

பழைய டிராகன், புதிய பொம்மை

ஸ்கைலேண்டர்ஸை உருவாக்கியது கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டாய்ஸ் ஃபார் பாப் என்ற சிறிய நிறுவனம். பால் ரைக், ஃபிரெட் ஃபோர்ட் இருவரும் 1989ல் தொடங்கிய இதனை 2005ல் வீடியோ கேம் வெளியீட்டு நிறுவனமான ஆக்டிவிஷன் வாங்கியது. 2008ல் ஆக்டிவிஷனும் விவெண்டியின் கேம் பிரிவும் இணைந்தபோது, 1998ல் முதல் பிளேஸ்டேஷனில் பிறந்த ஸ்பைரோ என்ற ஊதா நிறக் குட்டி டிராகனும் ஆக்டிவிஷன் வசம் வந்தது. அந்தப் பாத்திரத்துக்குப் புது வாழ்வு கொடுக்கும் பொறுப்பு டாய்ஸ் ஃபார் பாபிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்தக் குழுவில் கைவேலைக்காரர்கள் இருந்தார்கள். உருவங்களை வரைந்த ஐ-வெய் ஹுவாங், ஓய்வு நேரத்தில் நீராவியில் ஓடும் சிறு இயந்திரப் பொம்மைகளைத் தன் கையால் செய்தவர். நிரலாளர் ராபர்ட் லேலண்ட் மின்னணுச் சுற்றுகளோடு விளையாடிப் பழகியவர். பொம்மையையும் திரையையும் இணைக்கும் முதல் மாதிரிக் கருவியை உருவாக்கியவர் அவர்தான். மேசையின் மேல் கையால் செய்து பார்த்த பிறகே இந்த விளையாட்டு கணினிக்குள் போனது.

முதல் விளையாட்டில் 32 பாத்திரங்கள். மாயம், நீர், தொழில்நுட்பம், நெருப்பு, மண், உயிர், காற்று, இறந்தோர் உலகம் என எட்டு வகை. வகைக்கு நான்கு பேர். தொடக்கப் பெட்டியில் மூன்று வகைப் பொம்மைகளே இருந்தன. அந்த மூன்றோடு கதையை முடித்துவிடலாம். ஆனால் வழியில் சில கதவுகள் குறிப்பிட்ட வகைப் பொம்மைக்கு மட்டுமே திறக்கும். எல்லாக் கதவுகளையும் திறக்க இன்னும் ஐந்து பொம்மைகளாவது வேண்டும். அமெரிக்காவில் தொடக்கப் பெட்டி ஏறக்குறைய 70 டாலர், தனிப் பொம்மை 8 டாலர். குழந்தையின் ஆசையும் நிறுவனத்தின் வருமானமும் சந்தித்த இடம் அந்தப் பூட்டிய கதவு.

அடித்தட்டில் உள்ள சில்லு

பீடத்துக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. அது 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு காந்தப் புலத்தை எழுப்புகிறது. பொம்மையின் அடித்தட்டில் அதைவிடச் சிறிய சுருளும் அதோடு இணைந்த ஒரு சில்லும் உள்ளன. பீடத்தை நெருங்கியதும் பொம்மையின் சுருளில் மின்சாரம் தூண்டப்படுகிறது. சில்லு விழித்துக்கொண்டு தான் யார் என்று சொல்கிறது. பொம்மைக்குள் பேட்டரி கிடையாது. 2012ல் வந்த 'ஜயன்ட்ஸ்' பாகத்தில் சில பொம்மைகள் பீடத்தில் வைத்ததும் ஒளிர்ந்தன. அந்த விளக்குக்கான மின்சாரமும் பீடத்தின் புலத்திலிருந்தே கிடைத்தது.

இந்த நுட்பம் நமக்கு அந்நியமானது இல்லை. 2023 ஏப்ரலில் சென்னை மெட்ரோ அறிமுகப்படுத்தி, பின்னர் மாநகரப் பேருந்துகளுக்கும் விரிவாக்கப்பட்ட சிங்காரச் சென்னை அட்டை இயங்குவதும் இதே அதிர்வெண்ணில்தான். கடையில் தொட்டுக் காசு செலுத்தும் வங்கி அட்டையும் அப்படியே.

ஸ்கைலேண்டர்ஸின் தனிச்சிறப்பு அந்தச் சில்லுக்குள் என்ன எழுதப்பட்டது என்பதில் இருக்கிறது. அதன் நினைவகம் ஒரு கிலோபைட் அளவே. அதற்குள் பாத்திரத்தின் நிலை, சேர்த்த பணம், கற்ற வித்தைகள், அணிந்த தொப்பி, பிள்ளை வைத்த செல்லப்பெயர் எல்லாம் அடங்கின. பிளேஸ்டேஷன் வைத்திருந்த பிள்ளை தன் பொம்மையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எக்ஸ்பாக்ஸ் வைத்திருந்த நண்பன் வீட்டுக்குப் போகலாம். பீடம்தான் கருவிக்குக் கருவி வேறுபட்டது. பொம்மை எல்லாவற்றிலும் வேலை செய்தது. அங்கே வைத்தாலும் அது தன் பெயரோடும் தொப்பியோடும் எழுந்து நிற்கும். போட்டி நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று பேசாத காலத்தில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை அந்தச் சுவர்களைத் தாண்டியது. விளையாட்டின் நினைவை யாருடைய சர்வரிலும் வைக்காமல், பிள்ளையின் கையிலேயே கொடுத்த ஏற்பாடு இது.

ஐந்தாண்டு ஏற்றமும் இறக்கமும்

வெற்றியைக் கண்டு மற்றவர்களும் வந்தார்கள். 2013 ஆகஸ்டில் டிஸ்னி இன்ஃபினிட்டி, 2014 நவம்பரில் நிண்டெண்டோவின் அமீபோ, 2015 செப்டம்பரில் லெகோ டைமென்ஷன்ஸ். தொழில்துறை இவற்றுக்கு 'டாய்ஸ்-டு-லைஃப்' என்று பெயரிட்டது. 2015ல் ஆக்டிவிஷன் அதுவரை விற்ற ஸ்கைலேண்டர்ஸ் பொம்மைகள் 25 கோடியைத் தாண்டியதாக அறிவித்தது.

அந்த ஆண்டே சரிவும் தொடங்கியது. ஒரே கடை அலமாரியில் மூன்று பெரிய தொடர்கள். ஒவ்வொன்றிலும் ஆண்டுதோறும் புதிய பொம்மைகள். 'ஸ்வாப் ஃபோர்ஸ்' (2013) பாகத்தில் பொம்மையின் மேல் பாதியையும் கீழ் பாதியையும் மாற்றிப் பொருத்தலாம். அதற்காகப் புதிய பீடம் வேண்டியிருந்தது. 'டிராப் டீம்' (2014) வந்தபோது இன்னொரு பீடம். 'சூப்பர்சார்ஜர்ஸ்' (2015) வந்தபோது வண்டிகள். பழைய பொம்மைகள் புதிய விளையாட்டில் செல்லும் என்ற நேர்மையைக் கடைசிவரை காப்பாற்றினார்கள். ஆனால் புதிய பொம்மையைப் பழைய விளையாட்டு அடையாளம் காணாது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர் பொம்மைக்கும் வட்டுக்கும் சேர்த்துச் செலவழித்தார்கள்.

வணிகத்திலும் ஒரு கடினம் இருந்தது. மென்பொருளை வேண்டியபோது வேண்டிய அளவு நகலெடுக்கலாம். பொம்மையை எந்தப் பாத்திரம் எத்தனை விற்கும் என்று பல மாதங்களுக்கு முன்பே கணித்து, வார்த்து, வண்ணம் தீட்டி, கப்பலேற்ற வேண்டும். கணிப்பு தவறினால் ஒரு பாத்திரம் கிடைக்காமல் பிள்ளைகள் ஏங்குவார்கள். இன்னொன்று கிடங்கில் தேங்கும். 2016 மே மாதம் டிஸ்னி இன்ஃபினிட்டியை நிறுத்தியபோது டிஸ்னி தன் கணக்கில் 14.7 கோடி டாலர் இழப்பை எழுதியது. அதே ஆண்டு வந்த 'இமாஜினேட்டர்ஸ்' ஸ்கைலேண்டர்ஸின் கடைசிப் பெரிய பாகம். 2017ல் லெகோ டைமென்ஷன்ஸ் நின்றது. 2018ல் யூபிசாஃப்ட் 'ஸ்டார்லிங்க்' என்ற விண்கப்பல் பொம்மைகளோடு முயன்று, அடுத்த ஆண்டே புதிய பொம்மைகள் வரா என்று அறிவித்தது.

நின்று நிலைத்தது அமீபோ மட்டும். அதன் சில்லில் எழுதக்கூடிய இடம் 504 பைட்தான். விளையாட்டில் அதன் பங்கும் சிறியது. ஆனால் மாரியோ, லிங்க் உருவங்களைப் பிள்ளைகளும் பெரியவர்களும் அலமாரியில் வைக்கவே விரும்பி வாங்கினார்கள். விளையாட்டை நிறுத்திய பிறகும் மதிப்புள்ள பொம்மைதான் பிழைத்தது. இந்தப் பாடத்தை நாம் பின்னால் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

இங்கே வந்ததும் வராததும்

ஸ்கைலேண்டர்ஸ் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் சென்னையின் நடுத்தர வீட்டில் கேம் கன்சோல் அரிது. ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பர்மா பஜாரிலும் விலை விசாரித்துத் திரும்பியவர்களே அதிகம். அதற்கு முந்தைய தலைமுறைக்குக் கிடைத்தது 'டிவி கேம்': நிண்டெண்டோவின் பழைய ஃபேமிலி கம்ப்யூட்டரைப் போலி செய்த மலிவுக் கருவியும், நண்பர்களிடையே கைமாறிய கேசட்டுகளும். வீட்டில் அதுவும் இல்லாதவர்கள் தெருமுனை வீடியோ கேம் கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடினார்கள். கருவி கடைக்காரருடையது, நேரம் பிள்ளையுடையது. இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்வோம்.

சேகரிக்கும் ஆசை மட்டும் இங்கே எந்த நாட்டுக்கும் குறையாமல் இருந்தது. 2000களின் முதல் பாதியில் சிப்ஸ் பாக்கெட்டில் வந்த போகிமான் டாஸோ தட்டுகளும், WWE மல்யுத்த வீரர்களின் ட்ரம்ப் கார்டுகளும் பள்ளி இடைவேளைகளை ஆண்டன. திரையில் பார்த்ததைக் கையில் வைத்திருக்கும் இன்பம் அது. இன்று அதற்கு வாரிசு பெட்டிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் கிண்டர் ஜாய். அதனுள் உள்ள பொம்மையை ஃபெரேரோ நிறுவனத்தின் 'அப்ளேடு' செயலியில் கைபேசிக் கேமரா வழியே காட்டினால் அது திரையில் நடமாடும். இந்தியாவில் விற்கும் கிண்டர் ஜாய் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் தயாராகிறது. எனவே 'உயிர் பெறும் பொம்மை' என்ற கருத்து அம்பத்தூர்த் தெருக்களுக்கு மிட்டாயின் வழியாக வந்துவிட்டது.

பெரிய பிள்ளைகளுக்கு வந்தது வேறொன்று: கைபேசி விளையாட்டின் 'ஸ்கின்'. உடை, துப்பாக்கி உறை, நடனம். பொம்மை நிறுவனங்களை வீழ்த்திய காரணங்களில் இது முக்கியமானது. வார்க்க வேண்டாம், கப்பலேற்ற வேண்டாம், கிடங்கில் தேங்காது. ஆனால் வாங்கியவன் கையில் எதுவும் இருக்காது. 2020 செப்டம்பரில் இந்திய அரசு பப்ஜி மொபைலைத் தடை செய்தது. அக்டோபர் 30ல் அதன் சர்வர்கள் இந்தியாவுக்கு மூடப்பட்டன. 2021 ஜூலையில் அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வரும்வரை, காசு கொடுத்து வாங்கிய உடைகளை யாரும் கண்ணால்கூடப் பார்க்க முடியவில்லை. தடைக்கான காரணங்கள் வேறு. அவற்றை இங்கே விவாதிக்கவில்லை. பிள்ளையின் உடைமை வேறொருவரின் சர்வரில் இருக்கும்போது அது எவ்வளவு பலவீனமானது என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

பூந்தமல்லிக்கு மேற்கே போகும் சாலை

பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் திருமழிசைத் தொழிற்பேட்டை, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரத்துக்குத் திரும்பும் வழி, பிறகு ராணிப்பேட்டை. இந்த ஒரே சாலையில் இந்தியப் பொம்மைத் தொழிலின் முக்கியமான கதை ஒன்று ஓடுகிறது.

எம்.ஆர்.எஃப். நிறுவனத்தை டயருக்காக அறிவோம். கே.எம். மாமன் மாப்பிள்ளை 1946ல் திருவொற்றியூரில் அதைத் தொடங்கியது பொம்மைப் பலூன் செய்யும் பட்டறையாக. அதே குழுமம் 1987ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து ஃபன்ஸ்கூலைத் தொடங்கியது. தலைமையகம் சென்னை, ஆலைகள் கோவாவிலும், பின்னர் ராணிப்பேட்டையிலும். ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோ வீரர்களை ஃபன்ஸ்கூல் இந்தியாவில் வார்த்தது. அமெரிக்காவில் பயன்படுத்தி முடித்த அச்சுகள் இங்கே வந்தன. இங்கே வேறு வண்ணங்களில், வேறு கலவைகளில் பொம்மைகள் பிறந்தன. அந்த வண்ண வேறுபாட்டுக்காகவே இன்று உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோக்களைத் தேடி வாங்குகிறார்கள். தூர்தர்ஷனில் 'ஸ்ட்ரீட் ஹாக்' தொடர் பிள்ளைகளைக் கட்டிப்போட்ட காலத்தில் அந்த மோட்டார் சைக்கிள் வீரனையும் ஃபன்ஸ்கூல் பொம்மையாக்கியது. திரையையும் பொம்மையையும் இணைக்கும் வணிகம் சென்னைக்குப் புதிதில்லை.

ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் செலவு எங்கே இருக்கிறது என்பதையும் இந்தக் கதை காட்டுகிறது. எஃகில் குடைந்த அச்சுக்குத்தான் லட்சங்கள் ஆகும். அச்சு தயாரான பிறகு ஒவ்வொரு வார்ப்புக்கும் ஆகும் செலவு சிறிது. ஒரே உடல் அச்சை வைத்துத் தலையையும் நிறத்தையும் மாற்றினால் பல பாத்திரங்கள் கிடைக்கும். அந்த அச்சைச் செய்யும் கைகள் அம்பத்தூரில் உள்ளன. 1949ல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்து, 1960களில் தொழிற்பேட்டை உருவான பிறகு, வாகன உதிரிபாகங்களுக்காக டூல் ரூம்களும் மோல்டிங் பட்டறைகளும் இங்கே வளர்ந்தன. தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கமான ஐமா நடத்தும் 'ஆக்மீ' இயந்திரக் கண்காட்சி நாட்டின் முக்கியக் கண்காட்சிகளில் ஒன்று. பிளாஸ்டிக் அச்சு வடிவமைப்பைக் கற்றுத்தரும் சிப்பெட் 1968 முதல் கிண்டியில் இயங்குகிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது பெரிய துயரம். ஆனால் அது வளர்த்த மின்னணுத் திறமை அழியவில்லை. அதே வட்டாரத்தில் 2019 முதல் ஃபாக்ஸ்கான் ஐபோன்களைக் கோக்கிறது. ஒரு சுருளும் ஒரு சில்லும் கொண்ட பீடம் இவர்களுக்குப் பெரிய வேலையாக இருக்காது.

காலமும் சாதகமாக இருக்கிறது. பொம்மை இறக்குமதி வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023ல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி 1 முதல் விற்கப்படும் பொம்மைகளுக்கு இந்தியத் தரச் சான்று கட்டாயம்: பொதுப் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 9873, மின் பொம்மைகளுக்கு ஐ.எஸ். 15644. 2014–15க்கும் 2022–23க்கும் இடையில் இறக்குமதி 52 சதவீதம் குறைந்து, ஏற்றுமதி 239 சதவீதம் கூடியதாக மத்திய அரசு தெரிவித்தது. சிறு பட்டறைக்குச் சான்று பெறும் செலவு பாரம்தான். அதைக் கூட்டாகச் சுமக்க வழி காண வேண்டும்.

கொலு சொல்லும் அளவுகோல்

பொம்மைகளை ஆண்டுதோறும் சேர்க்கும் வழக்கத்தை அமெரிக்க நிறுவனங்கள் கண்டுபிடிக்கவில்லை. நவராத்திரிக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்குவது தமிழ் வீடுகளின் பழைய நெறி. சென்னையின் கொசப்பேட்டை, காஞ்சிபுரத்தின் பொம்மைக்காரத் தெரு, பண்ருட்டி, மதுரைக்கருகே விளாச்சேரி ஆகிய ஊர்களின் குயவர் குடும்பங்கள் இந்த நெறியை நம்பி வாழ்கின்றன. ஆவடி ராணுவக் குடியிருப்பிலோ அம்பத்தூர் அடுக்ககத்திலோ புரட்டாசி வந்தால் பரணிலிருந்து இறங்கும் பெட்டியில் பாட்டியின் மரப்பாச்சியும் போன ஆண்டு வாங்கிய வளைகாப்பு செட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

இரண்டையும் ஒப்பிட்டால் ஸ்கைலேண்டர்ஸ் எங்கே தடுமாறியது என்று தெளிவாகிறது. கொலுவிலும் தொடர் உண்டு, தொகுப்பு உண்டு, விட்டுப்போன ஒன்றை அடுத்த ஆண்டு தேடும் ஏக்கம் உண்டு. ஆனால் புதிய பொம்மை வந்ததால் பழைய படி பயனற்றுப் போவதில்லை. பழைய பொம்மைக்கு மேல் படியில் இடம் கிடைக்கிறது. சேகரிப்பு வளர வளரக் கதை சொல்லும் வாய்ப்பும் வளர்கிறது. பூங்கா அமைக்கும் பிள்ளை புதிய பொம்மைகளையும் பழையவற்றையும் கலந்தே வைக்கிறது. ஸ்கைலேண்டர்ஸ் பழையதை மதித்தது. ஆனால் அடுத்தடுத்துப் பீடத்தை மாற்றி அந்த மதிப்பைத் தானே கெடுத்துக்கொண்டது.

எந்த நுட்பம் நமக்குப் பொருந்தும்?

இந்தியாவில் ஏற்கெனவே ஒரு முயற்சி வெற்றி கண்டிருக்கிறது. பெங்களூரின் பிளேஷிஃபு நிறுவனம் 'ஆர்பூட்' என்ற பூகோள உருண்டையால் அறியப்பட்டது. அதன் 'டாக்டோ' விளையாட்டில் டேப்லெட் திரையின் மேலேயே பொம்மைகளை வைக்க வேண்டும். பொம்மையின் அடியில் உள்ள மின்கடத்தும் புள்ளிகளின் அமைப்பைத் தொடுதிரை படித்து, எந்தப் பொம்மை எங்கே நிற்கிறது என்று அறிந்துகொள்ளும். சில்லும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். 2011லேயே டிஸ்னி தன் 'கார்ஸ் 2' கார்களை இவ்வழியில் ஐபேடில் ஓட்டியது. அப்ளேடு போல் கேமராவால் அடையாளம் காண்பது இன்னும் மலிவு.

ஆனால் இந்த இரண்டு மலிவு வழிகளிலும் பொம்மைக்கு நினைவு இல்லை. அது யார் என்று மட்டும் சொல்லும். பிள்ளை அதோடு செய்தது எதுவும் அதில் பதியாது. அந்த நினைவை ஒரு கணக்கில், ஒரு சர்வரில் வைக்க வேண்டியிருக்கும். அப்போது பிள்ளையின் பெயர், வயது, பழக்கம் எல்லாம் நிறுவனத்திடம் போகும். பேசும் பொம்மையான 'மை ஃப்ரெண்ட் கேலா'வை 2017ல் ஜெர்மனி மறைமுக ஒட்டுக்கேட்புக் கருவி என்று அறிவித்துத் தடை செய்ததை மறக்கக் கூடாது. 2023ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது; பிள்ளைகளின் நடத்தையைக் கண்காணிப்பதைத் தடுக்கிறது. தரவே சேகரிக்காத பொம்மைக்கு இந்தக் கவலை பெரிதாக எழாது. ஸ்கைலேண்டர்ஸின் ஒரு கிலோபைட் அதைத்தான் சாதித்தது.

சில்லு மலிவு, இணையத்தில் சில பத்து ரூபாய்க்கு ஒட்டுவில்லைகளாகவே கிடைக்கிறது. தடை, அதைப் படிக்கும் கருவி. மலிவுக் கைபேசிகள் பலவற்றில் அந்த வசதி இல்லை. வீட்டுக்கு வீடு பீடம் வாங்கச் சொன்னால் அமெரிக்கத் தவற்றையே இன்னும் ஏழ்மையான சந்தையில் செய்வோம். பழைய வீடியோ கேம் கடையின் பாடம் இங்கே உதவுகிறது. நினைவு பொம்மையில் இருப்பதால் பீடம் யாருடையது என்பது பொருட்டில்லை. பீடமும் திரையும் பொது இடத்தில் இருக்கட்டும். பொம்மை பிள்ளையுடையதாக இருக்கட்டும். வீட்டில் அது வெறும் கையால் விளையாடும் பொம்மை; பீடத்தில் வைக்கும்போது தன் கதையைத் தொடரும்.

அந்தப் பொது இடம் ஏற்கெனவே இருக்கிறது. நாட்டுக்கே முன்னோடியான 1948ன் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக வசூலாகிறது. சென்னை மாநகராட்சியில் 2011ல் இணைந்த அம்பத்தூரும், 2019ல் மாநகராட்சியான ஆவடியும், பூந்தமல்லியும் அந்த வரியைச் செலுத்துகின்றன. கிளை நூலகத்தின் சிறுவர் பகுதியில் ஒரு பீடம், ஒரு கணினி, ஒரு திரை போதும்.

எந்தக் கதை?

இனி உள்ளடக்கம். ஸ்கைலேண்டர்ஸ் எட்டு வகைகளை உருவாக்கி, வகைக்கொரு கதவு வைத்தது. தமிழில் அதைவிடச் செறிவான ஏற்பாடு ஈராயிரம் ஆண்டாக இருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எனக் கருப்பொருள்களை வகுக்கிறது. குறிஞ்சிக்கு மயிலும் தொண்டகப் பறையும், நெய்தலுக்குக் கடற்காகமும் உப்பும், பாலைக்குத் துடியும். விளையாட்டு வடிவமைப்பாளருக்குத் தேவையான களம், உயிரினம், இசை, கருவி, பசி எல்லாம் அங்கே வகைப்படுத்தியே கிடைக்கின்றன. குறிஞ்சிக் குறவர் சிறுமியின் பொம்மையை வைத்தால் மலைப்பாதை திறக்கும். பரதவச் சிறுவனை வைத்தால் கடல் திறக்கும். ஐந்து நிலம், ஐந்து பொம்மை. ஒரு பிள்ளையிடம் ஒன்றுதான் இருந்தாலும், நூலகத்தில் ஐந்து பிள்ளைகள் கூடினால் ஐந்து கதவுகளும் திறக்கும். அமெரிக்க வடிவமைப்பில் பூட்டிய கதவு பெற்றோரின் பணப்பையை நோக்கியது. இங்கே அது பக்கத்துத் தெருப் பிள்ளையை நோக்கும்.

தமிழ் வாழ்க்கையை வைத்துச் செய்த விளையாட்டை உலகம் ஏற்குமா என்ற ஐயத்துக்குக் கனடாவின் டொரண்டோவிலிருந்து விடை வந்துவிட்டது. புலம்பெயர்ந்த தமிழ்த் தாயின் சமையலைக் கொண்டு விசை கேம்ஸ் உருவாக்கிய 'வெண்பா' 2023ல் வெளியாகி, 2024ல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதை வென்றது. இட்டிலியும் புட்டும் திரையில் வேகும்போது தமிழ் தெரியாதவர்களும் பொறுமையோடு காத்திருந்தார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்துச் செய்யப்போகிறவர் நான்கு விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். திரை இல்லாதபோதும் அழகான, உறுதியான பொம்மையாக அது நிற்க வேண்டும். அதன் நினைவு அதற்குள்ளேயே இருக்க வேண்டும்; பிள்ளையின் பெயரும் முகமும் எந்த சர்வருக்கும் போகக் கூடாது. பழைய பொம்மை புதிய பீடத்திலும், புதிய பொம்மை பழைய பீடத்திலும் வேலை செய்ய வேண்டும். நான்காவது விதிதான் மற்ற மூன்றையும் காக்கும்: சில்லில் எந்த இடத்தில் எது எழுதப்பட்டிருக்கிறது என்ற அமைப்பை முதல் நாளிலேயே பொதுவில் வெளியிட வேண்டும். அப்போது உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டாலும், அம்பத்தூரின் ஒரு சிறு பட்டறை புதிய பீடம் செய்ய முடியும்; பாலிடெக்னிக் மாணவர்கள் புதிய விளையாட்டு எழுத முடியும். 2016ல் லட்சக்கணக்கான பிள்ளைகளின் டிஸ்னி இன்ஃபினிட்டி சேகரிப்பு ஒரு நிர்வாக முடிவால் பாதியில் நின்றது. ஐந்து பொம்மைகளோடும் ஒரு கிளை நூலகத்தோடும் தொடங்கும் சிறிய முயற்சிகூட, தன் பிள்ளைகளுக்கு அப்படி நேராது என்ற உறுதியை முதலிலேயே கொடுக்க முடியும். கொடுக்கவும் வேண்டும்.